கனரக வாகன உரிமம் எடுத்து லாரி ஓட்ட விரும்புகிறேன்: எங்கிருந்து தொடங்குவது?

பள்ளிபாளையம் தறிக்காரன்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 23 வயது ஆகிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததிலிருந்து பள்ளிபாளையத்தில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்த்து வருகிறேன். வாரத்தில் தறி ஓடும் நாட்கள் குறைந்துகொண்டே வருவதால், இந்த வருமானத்தை நம்பி இனிக் குடும்பத்தை நடத்த முடியாது என்ற நிலைக்கு வந்துவிட்டேன். சிறு வயதிலிருந்தே லாரியின் மீது எனக்கு ஈடுபாடு உண்டு. என் தாய்மாமா சங்ககிரியில் லைன் வண்டி, அதாவது வெளியூர்களுக்கு நெடுந்தூரம் போகும் லாரி, ஓட்டியவர். பள்ளி விடுமுறையில் அவருடன் இரண்டு முறை பெங்களூரு வரை போய் வந்திருக்கிறேன். அவர் இப்போது இல்லாததால், இந்தத் தொழிலைப் பற்றி உரிமையோடு கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு ஆள் இல்லை. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

கார் ஓட்டும் உரிமம் எடுத்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கனரக உரிமத்துக்காக ஒரு பயிற்சிப் பள்ளியில் விசாரித்தபோது, மொத்தப் பணத்தையும் கட்டிவிட்டால் தினமும் வர வேண்டியதில்லை என்றும், சான்றிதழைத் தாங்களே தயார் செய்துவிடுவதாகவும், தேர்வு நாளன்று மட்டும் வந்து சிறிது தூரம் ஓட்டிக் காட்டினால் போதும் என்றும் சொன்னார்கள். எங்கள் தெருவில் உள்ள ஓட்டுநர் அண்ணன் ஒருவரோ, பள்ளிக்குக் கொடுக்கும் பணம் வீண் என்றும், தன்னுடன் கிளீனராக ஏறிக்கொண்டால் இரவில் சாலை காலியாக இருக்கும் நேரத்தில் ஸ்டியரிங்கைக் கொடுத்து ஆறு மாதத்தில் பழக்கிவிடுவதாகவும் சொல்கிறார். இவற்றுக்கிடையே, மாமாவுக்குத் தெரிந்த ஓர் உரிமையாளர், ஆள் கிடைக்காமல் வண்டிகள் நிற்பதாகவும், உரிமம் கைக்கு வந்த உடனே பதினாறு சக்கர டிரெய்லரைக் கொடுப்பதாகவும் கூறியிருக்கிறார்.

இவற்றில் எந்த வழியில் போவது சரி? முதல் வண்டியாக எதை எடுக்கலாம்? சம்பளம் பேசும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்? தொப்பூர் விபத்துச் செய்திகளைப் பார்க்கும்போதெல்லாம் அம்மா அழுகிறார். அவருக்கு நான் சொல்லக்கூடிய பதிலும் என்னிடம் இல்லை.

பழைய டாரஸ்

தம்பி, நான் 1996இலிருந்து 27 ஆண்டுகள் லைன் வண்டி ஓட்டியவன். சேலத்து ஜவ்வரிசியை ஏற்றிக்கொண்டு மகாராஷ்டிரத்துக்குப் போவதும், நாசிக் வெங்காயத்தோடு திரும்புவதும்தான் பெரும்பாலும் என் பிழைப்பாக இருந்தது. இப்போது அதே முதலாளியின் ஷெட்டில் புதிதாக வரும் பையன்களைப் பழக்குகிறேன். நீங்கள் கேட்டவை ஒவ்வொன்றும் உயிரோடு தொடர்புடையவை என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

நீங்கள் விசாரித்த அந்தப் பயிற்சிப் பள்ளிக்குப் போக வேண்டாம். சட்டம் ஓட்டுநருக்குக் கொடுத்திருக்கும் பயிற்சிக் காலமே குறைவு. அதையும் விற்றுவிடுகிறவர்களிடம் பணம் கொடுத்து நீங்கள் பெறப்போவது ஒன்றுமில்லை. சரக்கு வாகனம் ஓட்ட 20 வயது நிறைந்திருக்க வேண்டும், இலகு ரக உரிமம் எடுத்து ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும் என்பவை அடிப்படை விதிகள். இரண்டும் உங்களுக்குப் பொருந்திவிட்டன. எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்று இன்றும் சிலர் சொல்வார்கள். அந்த விதி 2019இல் நீக்கப்பட்டுவிட்டது. மருத்துவரிடம் படிவம் 1ஏ-வில் சான்று வாங்கி எல்.எல்.ஆர். எனப்படும் பழகுநர் உரிமம் போட வேண்டும். அது ஆறு மாதம் செல்லும்; எல்.எல்.ஆர். கிடைத்து 30 நாட்கள் கழிந்த பிறகுதான் தேர்வுக்குப் போக முடியும். தேர்வுக்குப் போகும்போது பயிற்சிப் பள்ளி தரும் படிவம் 5 கையில் இருக்க வேண்டும். அந்தச் சான்றைத் தர வேண்டுமானால், கனரக வாகனத்துக்குக் குறைந்தது 30 நாள் பயிற்சியும், அதற்குள் 15 மணி நேரம் நீங்களே வண்டியை ஓட்டியதும் நடந்திருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி. ஆகவே பள்ளியில் சேரும்போதே, 15 மணி நேரமும் ஸ்டியரிங் என் கையில் இருக்குமா, பள்ளிக்குச் சொந்தமாகக் கனரக வண்டி இருக்கிறதா, ஒரு நடைக்கு எத்தனை பேரை ஏற்றுவீர்கள் என்று கேளுங்கள். எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு ஆளுக்கு ஐந்து நிமிடம் கொடுக்கும் பள்ளிகளை நான் பார்த்திருக்கிறேன். நாமக்கல்லில் அசோக் லேலண்ட் நிறுவனத்தின் ஓட்டுநர் பயிற்சி நிலையம் இருக்கிறது. உங்கள் ஊரிலிருந்து பக்கம்தான். நேரில் போய் அங்கு என்ன பயிற்சி நடக்கிறது, எப்போது சேர்க்கை என்று விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அந்த 15 மணி நேரத்தை நேர்ச் சாலையில் ஓட்டியே கழித்துவிடாதீர்கள். கார் ஓட்டிப் பழகியவனுக்கு லாரியில் முதலில் ஏமாற்றம் தருவது பின்சக்கரம். முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் வராது. வளைவின் உட்புறமாக வெட்டிக்கொண்டு வரும். வண்டி நீளமாக நீளமாக இந்த வெட்டும் அதிகமாகும். நான் வண்டி எடுத்த முதல் ஆண்டில், ஒரு சந்தைத் தெருவில் இடப்பக்கம் திரும்பும்போது முன்பகுதி சுத்தமாகத் திரும்பிவிட்டதைப் பார்த்து நிம்மதியாகக் காலை அழுத்தினேன். பின்சக்கரம் நடைமேடையில் ஏறி, அங்கே சாய்த்து வைத்திருந்த ஒரு சைக்கிளை நசுக்கிவிட்டது. ஒரு நிமிடத்துக்கு முன்புவரை அந்தச் சைக்கிளின் மீது ஒரு சிறுவன் உட்கார்ந்திருந்தான் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னபோது, என்னால் வெகு நேரம் வண்டியை எடுக்க முடியவில்லை. அன்றிலிருந்து இடது திருப்பம் என்றால் கண்ணாடியை மூன்று முறை பார்ப்பேன். இடப்புறச் சந்தில் இரு சக்கர வண்டி புகுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் திருப்புவேன். கேபினுக்கு நேர் கீழேயும் இடப்பக்கக் கதவை ஒட்டியும் நிற்பவர் ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியவே மாட்டார். நிற்கும் வண்டியில் உங்களை உட்கார வைத்து, வெளியே ஒருவரை இடம் மாற்றி மாற்றி நிறுத்தி, எந்த இடத்தில் அவர் மறைகிறார் என்று காட்டச் சொல்லுங்கள். அரை மணி நேரம்கூட ஆகாது, ஆயுளுக்கும் மறக்காது.

அடுத்தது காற்று பிரேக். காரில் மிதிப்பதுபோல விட்டு விட்டு மிதித்துக்கொண்டே இருந்தால் டேங்கில் காற்று குறையும். பிடித்தபடியே இறங்கினால் டிரம் சூடேறி லைனிங் பிடிக்காமல் போகும். தொப்பூரைப் பற்றிக் கேட்டீர்கள். தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் அந்தச் சரிவில் நடக்கும் விபத்துகளில் பலவற்றுக்குச் சாலையை மட்டும் குறை சொல்ல முடியாது. டீசல் மிச்சமாகும் என்று எண்ணி நியூட்ரலில் இறக்குவதுதான் அங்கே உயிரைக் குடிக்கிறது. நியூட்ரலில் போட்டுவிட்டால் என்ஜின் வண்டியைப் பிடிக்காது, என்ஜின் புகையை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் உதவாது. லோடோடு சேர்ந்த முழு எடையையும் பிரேக் லைனிங் ஒன்றே தாங்க வேண்டியிருக்கும். எந்த கியரில் ஏற வேண்டிய மேடோ அதே கியரில்தான் இறங்க வேண்டும் என்று என் குரு சொல்லிக் கொடுத்தார். சரிவு தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். பாதியில் வேகம் பிடித்த பிறகு குறைக்கப் போனால் கியர் விழாமல் நியூட்ரலில் சிக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். இன்றைய மின்னணு என்ஜின்களில், கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் சரிவில் டீசல் பாய்வதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் என்ஜின் அணையாமல் இருப்பதற்காக டீசல் எரிந்துகொண்டிருக்கும். மிச்சம் பிடிப்பதாக நினைத்துச் செய்வது செலவாகவே முடிகிறது. உங்கள் அம்மாவிடம், தொப்பூரில் கியரில் இறங்கும் ஓட்டுநராக இருப்பேன் என்று சொல்லுங்கள். தினமும் ஆயிரக்கணக்கான வண்டிகள் அந்தச் சரிவில் அப்படித்தான் பத்திரமாக இறங்குகின்றன.

தெருவில் உள்ள அண்ணன் சொன்னதில் ஒரு பாதி சரி, மறு பாதி ஆபத்து. கிளீனராகப் போவது மிக நல்லது. தார்ப்பாய் போடுவது, கயிறு இழுத்துக் கட்டுவது, டயரைத் தட்டிப் பார்த்துக் காற்றைக் கணிப்பது, இரட்டைச் சக்கரத்துக்கு நடுவே சிக்கிய கல்லை எடுப்பது, காற்று டேங்கில் சேரும் தண்ணீரை வடிப்பது போன்றவற்றைப் பயிற்சிப் பள்ளியில் யாரும் சொல்லித் தரமாட்டார்கள். ஆனால் உரிமம் இல்லாமல் நள்ளிரவில் லோடு வண்டியின் ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள். எங்கள் தலைமுறையில் பலர் அப்படித்தான் பழகினோம் என்பது உண்மை. அப்படிப் பழகியவர்களில் சிலர் இன்று உயிரோடு இல்லை என்பதும் உண்மை. ஓட்டுநர் பின்னால் படுத்திருக்க, எல்.எல்.ஆர். கூட இல்லாத பையன் ஓட்டும்போது ஏதாவது நடந்துவிட்டால், அந்தப் பையன், படுத்திருந்த ஓட்டுநர், உரிமையாளர் ஆகிய மூவரின் குடும்பங்களும் தெருவுக்கு வந்துவிடும்.

டிரெய்லரை முதல் வண்டியாக எடுக்காதீர்கள். ஆள் பற்றாக்குறை என்பது அவருடைய சிரமம். அதை உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளத் தேவையில்லை. டிரெய்லரைப் பின்னோக்கி எடுப்பது தனிக் கலை. ஸ்டியரிங்கைத் திருப்பும் திசைக்கு எதிர்த்திசையில் பின்பகுதி போகும். முதலில் ஆறு சக்கரத்தில் ஓராண்டு, அதுவும் முதல் சில மாதங்கள் லோக்கல் ஓட்டம். அதன் பிறகு பத்துச் சக்கர டாரஸில் மூத்த ஓட்டுநர் ஒருவருடன் இரண்டாம் ஓட்டுநராக லைன். இதுதான் என் ஷெட்டில் நான் வைத்திருக்கும் வரிசை. அவசரப்பட்ட இரண்டு பையன்களுக்காக அதை மாற்றினேன். இரண்டு முறையும் வருந்தினேன்.

ஆறு வண்டிக்காரர்

தம்பிக்கு வணக்கம். எனக்குத் திருச்செங்கோடு பக்கம். சொந்தமாக ஆறு லாரிகள் வைத்திருக்கிறேன். எல்லாமே கடனில் வாங்கியவை, இரண்டுக்குத்தான் கடன் முடிந்திருக்கிறது. உரிமையாளர் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன்.

மேலே பெரியவர் சொன்னதோடு நான் சேர்ப்பது, கனரக உரிமம் வரும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை என்பதுதான். உங்களிடம் இருக்கும் இலகு ரக உரிமத்தைக் கொண்டே, வண்டியின் எடையும் சரக்கின் எடையும் சேர்ந்து 7,500 கிலோவைத் தாண்டாத சரக்கு வாகனங்களை ஓட்டலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைக் காப்பீட்டு நிறுவனங்கள் எதிர்த்துக்கொண்டிருந்தன. 2024 நவம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வும் அதையே உறுதி செய்துவிட்டது. சின்ன யானை எனப்படும் டாடா ஏஸ், டாடா 407 போன்ற சிறிய சரக்கு வண்டிகளில் இப்போதே வேலைக்குச் சேர முடியும். ஆர்.சி. புத்தகத்தில் மொத்த எடை என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு ஏறுங்கள். நூல் பேலும் துணி மூட்டையும் ஏற்றிக்கொண்டு ஈரோட்டுக்கும் திருப்பூருக்கும் ஓடும் 407இல் ஆறு மாதம் இருந்தவர், லோடு வண்டி எப்படிப் பிரேக் பிடிக்கும் என்பதை உடம்பால் அறிந்திருப்பார். அப்படிப்பட்டவருக்கு நான் ஆறு சக்கரத்தை நம்பிக் கொடுப்பேன்.

நாங்கள் உரிமத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. தகுதியான உரிமம் இல்லாதவர் ஓட்டி விபத்து நடந்தால், பாதிக்கப்பட்டவருக்கான இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனம் கொடுத்துவிட்டு உரிமையாளரிடமிருந்து வசூலிக்கும் நிலை வரும். அந்தத் தொகை ஒரு வண்டியின் விலையைவிடப் பெரிதாக இருக்கலாம். சரக்கு வாகன உரிமம் ஐந்தாண்டுகளுக்குச் செல்லும். முடியும் தேதியைக் கைப்பேசியில் குறித்து வையுங்கள்.

சம்பளத்தை எங்கள் பக்கத்தில் மூன்று விதமாகப் பேசுவார்கள். மாதச் சம்பளத்தோடு தினப்படி, நடைக்கு இவ்வளவு, வாடகையில் நூற்றுக்கு இவ்வளவு. புதியவர்களுக்கு மாதச் சம்பளமும் படியும்தான் நல்லது என்று நான் நினைக்கிறேன். நடைக்கணக்கில் இருப்பவர் தூக்கத்தை விட்டு ஓட்டத் தொடங்குவார். வாடகையில் பங்கு வாங்குபவர் அதிக பாரத்தை மறுக்கத் தயங்குவார். உரிமையாளரே இதைச் சொல்வது வியப்பாக இருக்கலாம். ஆனால் தூக்கம் கெட்ட ஓட்டுநரால் என் வண்டி ஒரு முறை பாலத்தின் கைப்பிடியில் மோதி நின்ற பிறகு, என்னிடம் எல்லோருக்கும் மாதச் சம்பளம்தான்.

எந்த முறையாக இருந்தாலும், சேரும் முன்பே சில விஷயங்களை வாய்விட்டுப் பேசிவிட வேண்டும். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று மைலேஜ் கணக்குப் போடுகிறார்கள், அது லோடு வண்டிக்கும் காலி வண்டிக்கும் தனித்தனியாகப் பார்க்கப்படுகிறதா, குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்களா. டயர் வெடித்தால், சரக்கில் குறைவு வந்தால் யார் பொறுப்பு. ஏற்றுமிடத்தில் இரண்டு மூன்று நாள் காத்திருக்க நேர்ந்தால் அந்த நாட்களுக்குப் படி உண்டா. இவற்றைப் பேசாமல் ஏறியவர்கள்தான் கணக்கு முடிக்கும் நாளில் மனம் நொந்து இறங்குகிறார்கள்.

அதிக பாரம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2018இல் அச்சு எடை வரம்பை உயர்த்தியபோது, ஆறு சக்கர வண்டியின் மொத்த எடை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாகவும், பத்துச் சக்கரத்துக்கு 25 டன்னிலிருந்து 28.5 டன்னாகவும் ஆனது. பழைய வண்டிகளில் எது பதிவாகியிருக்கிறது என்பதை ஆர்.சி.யில்தான் பார்க்க வேண்டும். வரம்பை மீறினால் 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்று சட்டம் சொல்கிறது. கூடுதல் சரக்கை இறக்கிவிட்டுத்தான் வண்டி நகர முடியும். எடை மேடைச் சீட்டை வாங்கிப் பார்க்காமல் எந்த வண்டியையும் கேட்டை விட்டு வெளியே எடுக்காதீர்கள். எடை கூடியிருந்தால் முதலாளிக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். அவர் பரவாயில்லை, எடு என்றால், அடுத்த மாதம் வேறு இடம் தேடிக்கொள்ளுங்கள்.

லைன் வண்டி வீட்டுக்காரி

தம்பி, என் கணவர் 18 ஆண்டுகளாக லைன் ஓட்டுகிறார். அம்மா அழுகிறார் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததால்தான் எழுதுகிறேன். வண்டியைப் பற்றி மேலே இருவரும் சொல்லிவிட்டார்கள். வீட்டைப் பற்றி நான் சொல்கிறேன்.

திருமணமான புதிதில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை அவரை அழைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அவர் போனை எடுக்கப் போன நொடியில் முன்னால் போன டெம்போ பிரேக் அடித்துவிட்டது; மயிரிழையில் தப்பினார். அதன் பிறகு நாங்கள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். காலையில் டீக்கு நிற்கும்போதும், இரவு வண்டியை ஓரம் கட்டும்போதும் அவர் அழைப்பார். இடையில் நான் அழைப்பதில்லை. ஓரம் கட்டிவிட்டேன், படுக்கப் போகிறேன் என்ற அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்த வீட்டில் எல்லோரும் விழித்திருப்போம். உங்கள் அம்மாவிடமும் முதல் நாளே இப்படிப் பேசிவையுங்கள். அவருடைய பயம் போய்விடாது. ஆனால் அழைப்பு எப்போது வரும் என்று தெரிந்திருப்பது, தெரியாமல் காத்திருப்பதைவிட எவ்வளவோ தாங்கக்கூடியது.

வேலைக்குச் சேர்ந்த உடனே அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கான தமிழ்நாடு அரசின் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். விபத்துக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் அங்கே உதவித்தொகை உண்டு. எங்கள் மூத்த மகளின் கல்லூரிப் படிப்புக்கு அதிலிருந்து கிடைத்தது. பதிவைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டு, தேவைப்படும் நேரத்தில் அலைந்தவர்களை எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன். இதைத் தவிர, சொந்தமாக ஒரு விபத்துக் காப்பீடும் எடுத்து, அந்தத் தாள்கள் எங்கே இருக்கின்றன என்று அம்மாவுக்குக் காட்டிவிடுங்கள். இதை வாய்விட்டுப் பேசுவது அபசகுனம் என்று எங்கள் மாமியார் தடுத்தார். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அந்தத் தாள்களைத் தேடி நின்றதைப் பார்த்த பிறகு அவரே எடுத்துக் கொடுத்தார்.

உடம்பைப் பற்றி ஓட்டுநர்கள் நினைப்பதே இல்லை. என்ஜின் சூட்டில் உட்கார்ந்துகொண்டு, இறங்க வேண்டியிருக்குமே என்று தண்ணீர் குடிக்காமல் இருந்ததால் என் கணவருக்குச் சிறுநீரகக் கல் வந்தது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் நாற்பது வயதுக்குள் வந்துவிட்டன. 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளில் கேபினுக்குக் குளிர்சாதன வசதி கட்டாயம் என்று சட்டம் வந்திருப்பதில் எனக்கு அளவில்லாத மகிழ்ச்சி. ஆனால் நீங்கள் ஏறப்போவது பெரும்பாலும் பழைய வண்டியாகத்தான் இருக்கும். ஐந்து லிட்டர் தண்ணீர் கேனும் சிறிய அடுப்பும் வண்டியில் இருக்கட்டும். ஆண்டுக்கு ஒரு முறை கண்ணையும் இரத்தத்தையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். இளம் வயதில் இதெல்லாம் தேவையா என்று தோன்றும். என் கணவருக்கும் அப்படித்தான் தோன்றியது.

பள்ளிபாளையம் தறிக்காரன்

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. அம்மாவிடம் லைன் வண்டி அக்கா எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். இரண்டு வேளையும் அழைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன், அவரும் சம்மதித்துவிட்டார். அந்தப் பயிற்சிப் பள்ளிக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். ஈரோட்டில் நூல் ஏற்றும் ஒரு 407க்கு ஆள் கேட்கிறார்கள். அடுத்த வாரம் முதல் அதில் ஓட்டிக்கொண்டே, எல்.எல்.ஆர். போட்டுக் கனரகப் பயிற்சியையும் முறையாக முடிக்கலாம் என்றிருக்கிறேன். டிரெய்லர் உரிமையாளரிடம் இரண்டு ஆண்டுகள் கழித்து வருகிறேன் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டேன்.

இன்னும் இரண்டு சந்தேகங்கள் இருக்கின்றன. நாமக்கல்லில் எரிவாயு டேங்கர்கள் அதிகம் என்பதால், பின்னாளில் அதற்குப் போக வேண்டுமானால் தனி உரிமம் தேவையா? ஒருவேளை விபத்து நேர்ந்துவிட்டால், நின்று உதவுவதா, அல்லது எல்லோரும் சொல்வதுபோல அங்கிருந்து போய்விடுவதா? இதைக் கேட்கவே தயக்கமாக இருக்கிறது. ஆனால் கேட்காமல் ஸ்டியரிங்கைப் பிடிக்க மனம் வரவில்லை.

பழைய டாரஸ்

தயங்க வேண்டியதில்லை தம்பி. வண்டி எடுக்கும் முன்பே கேட்க வேண்டியவற்றைத்தான் கேட்கிறீர்கள்.

டேங்கருக்குத் தனியாக வேறு உரிமம் கிடையாது. கனரக உரிமம் வைத்திருப்பவர், அபாயகரமான சரக்குகளைக் கையாளுவதற்கான மூன்று நாள் பயிற்சியை முடித்துச் சான்று பெற்று, அதை உரிமத்தில் பதிந்துகொள்ள வேண்டும். ஏதாவது ஓர் இந்திய மொழியோடு ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. டேங்கரில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கைப் பலகைகளையும் அவசர காலக் குறிப்புகளையும் படிக்கத் தெரியாதவர் அதை ஓட்டக்கூடாது என்பதால் இது நியாயமான விதிதான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறீர்கள். உங்களுக்குச் சிரமம் இருக்காது. டேங்கருக்குள் திரவம் அசையும்போது வண்டியின் எடையும் கூடவே அசையும். வளைவில் சாதாரண லோடு வண்டியைப் போல எடுத்தால் கவிழ்த்துவிடும். ஐந்து ஆண்டுகளாவது மற்ற வண்டிகளில் இருந்துவிட்டு அதைப் பற்றி யோசியுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆவது பிரிவு, விபத்தில் காயம்பட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்க ஓட்டுநர் தன்னால் இயன்றதைச் செய்ய வேண்டும் என்றும், காவல்துறைக்கு எவ்வளவு விரைவில் முடியுமோ அவ்வளவு விரைவில், எப்படியும் 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும் என்றும் கூறுகிறது. கூட்டம் கொதித்துப்போய் அடிக்க வந்தால் அங்கேயே நின்று உயிரை விடு என்று சட்டம் சொல்லவில்லை. கூட்டத்தின் கோபத்தால் உதவ முடியாமல் போகும் நிலையை அந்தப் பிரிவே விலக்காக ஏற்றுக்கொள்கிறது. எனவே முதலில் 108ஐ அழையுங்கள். நிற்கக்கூடிய சூழல் இருந்தால் நின்று, பின்னால் வரும் வண்டிகள் மோதாதபடி முக்கோணப் பலகையை வைத்து, காயம்பட்டவருக்குப் பக்கத்தில் இருங்கள். அடி விழும் என்று தெரிந்தால் அங்கிருந்து விலகி, வீட்டுக்கோ ஷெட்டுக்கோ போகாமல் நேராகப் பக்கத்துக் காவல் நிலையத்துக்குப் போய் நில்லுங்கள். போகும்போதே முதலாளிக்குச் சொல்லுங்கள். ஓடி ஒளிந்தவருக்கும் காவல் நிலையத்தில் போய் நின்றவருக்கும் வழக்கில் பெரிய வேறுபாடு உண்டு. 2024 சனவரியில் நாடு முழுவதும் ஓட்டுநர்கள் போராடியது, தகவல் சொல்லாமல் ஓடினால் பத்தாண்டு வரை சிறை என்ற புதிய குற்றவியல் சட்டத்தின் 106ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவை எதிர்த்துத்தான். 2024 சூலை 1 அன்று அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, அந்த உட்பிரிவை மட்டும் நிறுத்திவைத்தார்கள். ஆனால் கவனக்குறைவால் உயிர் போனால் ஐந்தாண்டு வரை சிறை என்ற முதல் உட்பிரிவு நடைமுறையில் இருக்கிறது.

அடுத்த வாரம் 407 எடுக்கிறீர்கள் என்றதால் சில வேலைகளை இப்போதே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். வண்டி உங்கள் கைக்கு வந்தவுடன் ஆர்.சி., எஃப்.சி., பெர்மிட், இன்சூரன்ஸ், புகைச் சான்று ஆகிய ஐந்தின் கடைசித் தேதிகளையும் நீங்களே பாருங்கள்; எல்லாம் சரியாக இருக்கிறது என்று மற்றவர் சொன்னதை நம்பி எடுக்காதீர்கள். சரக்கை ஏற்றும்போது மூட்டைகளை உங்கள் கண்ணால் எண்ணிய பிறகே எல்.ஆர். எனப்படும் சரக்கு ரசீதில் கையெழுத்துப் போடுங்கள். ஒன்று குறைந்தாலும் அங்கேயே எழுதி வாங்குங்கள். வெளி மாநிலத்துக்குப் போகும் நாள் வந்தால் சரக்கோடு போகும் ஜி.எஸ்.டி. ஆவணமான இ-வே பில்லில் செல்லுபடி நேரத்தைப் பாருங்கள்; 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்பது கணக்கு. வழியில் வண்டி பழுதாகி நின்றுவிட்டால், அந்த நேரம் முடிவதற்கு முன்னும் பின்னும் எட்டு மணி நேரத்துக்குள் அதை நீட்டித்துக்கொள்ள முடியும். உடனே சரக்கு அனுப்பிய பார்ட்டிக்குத் தகவல் சொல்லுங்கள்.

கனரகப் பயிற்சி முடிந்து, தேர்வில் மோட்டார் வாகன ஆய்வாளர் தேர்ச்சி கொடுத்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஷெட்டுக்கு வாருங்கள். அன்று வண்டிகள் நிற்கும். காலி டாரஸ் ஒன்றை மைதானத்தில் விட்டு, கண்ணாடியை மட்டும் பார்த்துப் பின்னோக்கி எடுக்க நான் பழக்கிவிடுகிறேன். காலையில் ஆறு மணிக்கே வந்துவிடுங்கள். வெயில் ஏறிவிட்டால் கேபினில் வெகு நேரம் உட்கார முடியாது.